லேப்டாப் வாங்கப் போகிறீர்களா?



இன்றைய பேச்சு லேப்டாப்பைப் பற்றியது.

தாராவிக்குத் தமிழர்கள் வந்து நூறு ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. திருநெல்வேலிச் சீமையிலிருந்து தோல் வேலைக்கு வந்தவர்கள் பலர். இன்று அவர்களுடைய பேரப்பிள்ளைகள் கல்லூரிக்குப் போகிறார்கள். கல்லூரிகளும் தூரத்தில் இல்லை. மாட்டுங்காவில் வி.ஜே.டி.ஐ. இருக்கிறது. 1887-இல் தொடங்கிய பழைய தொழில்நுட்பக் கல்லூரி அது. அதே மாட்டுங்காவில் போதார் கல்லூரி இருக்கிறது. அங்கே வணிகவியல் படிக்கலாம். ரூயா கல்லூரியில் கலையும் அறிவியலும் படிக்கலாம். செம்பூரைத் தாண்டித் தேவனாருக்குப் போனால் டாட்டா சமூக அறிவியல் நிறுவனம்.

கல்லூரியில் இடம் கிடைத்ததும் பிள்ளை என்ன கேட்கிறது? லேப்டாப் கேட்கிறது. தமிழ்நாட்டில் 2011-இல் அரசு இலவச லேப்டாப் திட்டத்தைத் தொடங்கியது. அது அங்கே படித்த பிள்ளைகளுக்கு. இங்கே சீட்டுப் பணத்தை எடுக்க வேண்டும். அல்லது நகையை அடகு வைக்க வேண்டும். அதனால் பார்த்து வாங்க வேண்டும்.

"எந்த லேப்டாப் நல்லது?" என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. "எந்தப் படிப்புக்கு?" என்று கேட்டால் சொல்லலாம். வணிகவியல் படிக்கிற பிள்ளை கணக்குப் போடும், கட்டுரை எழுதும், பாடம் பார்க்கும். சமூகப் பணி படிக்கிற பிள்ளைக்கும் ஏறக்குறைய அவ்வளவுதான். பொறியியல் படிக்கிற பிள்ளை இயந்திரத்தின் படம் வரையும், புரோகிராம் எழுதும். அதற்குக் கொஞ்சம் வலுவான லேப்டாப் வேண்டும். ஆகையால் அவசரப்பட வேண்டாம். வகுப்பு தொடங்கட்டும். எந்த மென்பொருள் தேவை என்று ஆசிரியரைக் கேட்கட்டும். அதுவரை கல்லூரியிலேயே கணினி அறை இருக்கும்.

சரி, விளையாட்டு? ஒரு வீட்டில் நடக்கும் பேச்சை நினைத்துப் பாருங்கள். தாய் விடிகாலையில் எழுந்து இட்லி அவித்து வியாபாரத்துக்கு அனுப்புகிறவர். மகனுக்கு பி.காம். இடம் கிடைத்திருக்கிறது.

"எம்மா, கேமிங் லேப்டாப் வாங்கித் தாம்மா."

"அது என்னய்யா கேமிங்?"

"வெளையாடலாம்மா. படிக்கவும் செய்யலாம்."

"தெனமுமா வெளையாடுவ?"

"இல்லம்மா. ஞாயித்துக்கெழம மட்டுந்தான்."

"அப்போ ஒரு நாள் வெளையாட்டுக்கு ஆறு நாளும் செமக்கணுமாக்கும்?"

அந்தத் தாய் லேப்டாப்பைத் தொட்டதே இல்லை. ஆனால் கேட்டது சரியான கேள்வி. கேமிங் லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டு என்று தனியாக ஒன்று இருக்கும். விளையாட்டில் ஓடுகிற படத்தை வேகமாக வரைவது அதன் வேலை. அதற்கு விலை கூடுதல், எடையும் கூடுதல். பெரும்பாலும் 2 கிலோவுக்கு மேல் இருக்கும். சார்ஜரும் பெரியது. சாதாரண லேப்டாப்புக்கு 65 வாட் சார்ஜர் போதும். இதற்கு 150 வாட், அதற்கு மேலும் வேண்டியிருக்கும். சூடாகும். உள்ளே விசிறி இரையும். பத்துக்குப் பத்து அறையில், தகரக் கூரையின் கீழ், பக்கத்தில் தங்கை படுத்திருக்கும்போது அந்த இரைச்சலை எண்ணிப் பாருங்கள்.

இதற்காக, விளையாடவே கூடாது என்று சொல்ல வேண்டியதில்லை. பிள்ளைக்கு விளையாட்டும் வேண்டும். தனி கார்டு இல்லாமலே பல விளையாட்டுகள் ஓடும். மைன்கிராப்ட் ஓடும். வேலரண்ட் ஓடும். படத்தின் தரத்தைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும். எப்படி ஓடுகிறது தெரியுமா? தனி கார்டு இல்லாத லேப்டாப், படம் வரைவதற்கு ராம் என்ற நினைவகத்திலிருந்து இடத்தைக் கடன் வாங்கிக்கொள்ளும். ராம் அதிகமாக இருந்தால் தாராளமாகக் கடன் கொடுக்கும். ஆகவே எப்போதாவது விளையாடுகிற பிள்ளைக்கு, கார்டுக்குப் போடுகிற பணத்தில் ஒரு பகுதியை ராமுக்குப் போடுங்கள். அது படிப்புக்கும் உதவும், விளையாட்டுக்கும் உதவும். கட்டடக்கலை, அனிமேஷன் படிக்கிறவர்களுக்கு மட்டும் இந்தக் கணக்கு மாறும். அவர்களுக்குப் பாடத்துக்கே அந்தக் கார்டு தேவைப்படலாம்.

இனிக் கடைக்குப் போவோம். லேப்டாப் பெட்டியின் மேல் ஒரு தாள் ஒட்டியிருக்கும். எழுத்து ஆங்கிலத்தில் இருக்கும். பயப்பட வேண்டாம். எண்கள் நீங்கள் படித்த அதே எண்கள்தான். முதலில் மூன்று எண்களைத் தேடுங்கள்.

ஒன்று, ராம். அரிசியைக் கிலோவில் அளப்பதுபோல இதை ஜி.பி. என்று அளக்கிறார்கள். 8 இருந்தால் படிப்புக்குப் போதும். 16 இருந்தால் நல்லது. 4 என்றால் வேண்டாம். பின்னால் கூட்டிக்கொள்ள முடியுமா என்றும் கேளுங்கள். சில லேப்டாப்பில் ராமை உள்ளேயே பற்ற வைத்திருப்பார்கள். அதில் கூட்ட வழி இருக்காது.

இரண்டு, எஸ்.எஸ்.டி. இது வீட்டுப் பரண் மாதிரி. ராம் என்பது உட்கார்ந்து வேலை செய்கிற தரை. எஸ்.எஸ்.டி. என்பது சாமான் அடுக்குகிற பரண். அதில் 512 என்று இருக்கட்டும். 256 சீக்கிரம் நிறைந்துவிடும். பெரிய விளையாட்டு ஒன்றே 100 ஜி.பி.க்கு மேல் பிடிக்கும்.

மூன்று, திரை. 1920 என்ற எண் இருக்கிறதா பாருங்கள். 1366 என்றால் எழுத்து அவ்வளவு தெளிவாக இருக்காது.

மும்பையில் கணினிச் சந்தை என்றால் லாமிங்டன் ரோடு. டாக்டர் தாதாசாகேப் பட்கம்கர் மார்க் என்பது அதன் இன்றைய பெயர். தாராவிக்காரர்கள் மாஹிமில் ஸ்லோ வண்டி ஏறி கிராண்ட் ரோடில் இறங்கி நடக்கலாம். செம்பூரிலிருந்து வருகிறவர்கள் குர்லாவில் மாறி, தாதரில் மறுபடி மாற வேண்டும். அங்கே புதிதும் கிடைக்கும், பழையதும் கிடைக்கும்.

பழையது வாங்குவது தவறில்லை. அலுவலகங்கள் கழித்துவிட்ட நல்ல லேப்டாப்புகளும் வருகின்றன. ஆனால் இங்கேதான் கவனம் வேண்டும். "இது ஐ7, ஐ3-ஐ விடப் பெரியது" என்பார்கள். அந்தப் பேச்சை மட்டும் நம்ப வேண்டாம். அதற்குப் பின்னால் வரும் எண்ணை வாசியுங்கள். ஐ5-8250 என்றால் 8-ஆம் தலைமுறை. ஐ7-4600 என்றால் 4-ஆம் தலைமுறை. முதல் எண் 1 என்றால் அடுத்த எண்ணையும் சேர்த்து வாசிக்க வேண்டும். ஐ3-1215 என்றால் 12-ஆம் தலைமுறை. அந்த ஐ7 2013-இல் வந்தது. இந்த ஐ3 2022-இல் வந்தது. வேகத்தில் இந்த ஐ3 அந்த ஐ7-ஐ மிஞ்சிவிடும்.

பொதுவாக 8-க்குக் கீழே இருந்தால் வாங்க வேண்டாம். ஏன்? விண்டோஸ் 10-க்கு மைக்ரோசாப்ட் கொடுத்துவந்த வழக்கமான பாதுகாப்பு உதவி 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்தது. அடுத்தது விண்டோஸ் 11. அது முறைப்படி ஓடுவதற்கு இன்டெல் என்றால் 8-ஆம் தலைமுறையாவது வேண்டும். ரைசன் என்று எழுதியிருந்தால், மைக்ரோசாப்டின் பட்டியலில் அந்த எண் இருக்கிறதா என்று பிள்ளையைப் போனில் பார்க்கச் சொல்லுங்கள். பழைய லேப்டாப்பின் பேட்டரி எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதையும் சார்ஜரைக் கழற்றிவிட்டுப் பார்க்க வேண்டும்.

அடுத்தது பில். "பில் வேண்டாம் என்றால் குறைத்துத் தருகிறேன்" என்று சில கடைகளில் சொல்வார்கள். லேப்டாப்புக்கு ஜி.எஸ்.டி. வரி நூற்றுக்கு 18. பொருளின் விலை 40,000 ரூபாய் என்றால் வரி 7,200. மொத்தம் 47,200. இந்த 7,200-ஐ மிச்சம் பிடிக்க ஆசை வரும். ஆனால் நான்காம் மாதம் திரை கறுத்துப் போனால் எதைக் காட்டி உத்தரவாதம் கேட்பீர்கள்? பெட்டியில் அச்சிட்ட எம்.ஆர்.பி. விலையில் வரி ஏற்கெனவே சேர்ந்திருக்கிறது. அதற்கு மேல் வரி என்று கேட்டால் கொடுக்க வேண்டியதில்லை.

பில்லில் லேப்டாப்பின் வரிசை எண் இருக்க வேண்டும். அதே எண் லேப்டாப்பின் அடிப்பக்கத்திலும் இருக்கும். இரண்டையும் கடையிலேயே ஒத்துப் பாருங்கள். போட்டுப் பார்க்காமல் எடுத்து வரவேண்டாம். ஒவ்வொரு பொத்தானையும் பிள்ளை தட்டிப் பார்க்கட்டும். கடைக்காரர் முகம் சுளித்தாலும் பரவாயில்லை. கல்லூரி திறக்கும் காலம் மழைக்காலம். கையோடு ஒரு கெட்டியான பிளாஸ்டிக் உறை கொண்டு போங்கள்.

பிறகு ஏதாவது பழுது வந்து, கடையிலும் கம்பெனியிலும் கேட்கவில்லை என்றால் 1915 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். அது தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்கு அங்கே கட்டணம் கிடையாது. போகும்போது பில்லை எடுத்துப் போங்கள்.