புகைக்கு யார் பொறுப்பு?

(வட்டக் கிளைக் கூட்டத்தில் சங்கச் செயலாளர் பேசியதன் எழுத்து வடிவம்)



போன கூட்டத்தில் ஒரு தம்பி எழுந்து, "வயல்ல தீ வச்சா மேல இருந்து போட்டோ புடிக்கிறாங்களாமே, நெசமாண்ணே?" என்று கேட்டார். நெசம்தான். பஞ்சாப், அரியானா விவசாயி மேல அதை வச்சுத்தான் அபராதம் போடுறாங்க.

செயற்கைக்கோள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பார்க்கிறது. ஒரு கட்டத்தில் பக்கத்துக் கட்டங்களை விடச் சூடு கூடுதலாகத் தெரிந்தால், வரைபடத்தில் சிவப்புப் புள்ளி விழும். புகையைப் பார்ப்பது வேறு படம். அக்டோபர் கடைசியில் வடமேற்குக் காற்று தள்ள, பஞ்சாபிலிருந்து டெல்லியைத் தாண்டி கங்கைச் சமவெளி நெடுக சாம்பல் நிறத்தில் நீளுவது அதில் தெரியும். ஆனால் அந்தப் புகை நம்ம மூக்கு மட்டத்தில் இருக்கா, ரொம்ப உயரத்தில் போகுதா என்று அந்தப் படம் சொல்லாது.

இப்போது கணக்கைக் கவனியுங்கள். 2011-லும் 2017-லும் ஏவிய அமெரிக்கக் கோள்களில் உள்ள கருவிக்கு ஒரு கட்டம் என்பது 375 மீட்டருக்கு 375 மீட்டர். ஏக்கரில் சொன்னால் சுமார் 35 ஏக்கர்! நம்மில் எத்தனை பேருக்கு 35 ஏக்கர் இருக்கு? அந்தக் கட்டத்துக்குள்ளே பதினைந்து இருபது பேர் நிலம் கிடக்கும். எரிந்தது எவன் வயல் என்று புள்ளிக்குத் தெரியுமா? அதுக்கு சர்வே நம்பர் தெரியாது ஐயா. நேரில் வந்து வரப்பில் நின்று பார்த்தால்தான் தெரியும்.

இன்னொரு சங்கதி. அந்தக் கோள்கள் பகலில் நம்ம நாட்டைத் தாண்டுவது மதியம் ஒன்றரை மணி வாக்கில். பஞ்சாபில் 2020-ல் 83,002 என்று எண்ணிய தீ, 2024-ல் 10,909, 2025-ல் 5,114 ஆனது. விவசாயி நிறையவே குறைத்திருக்கிறார், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் 2024-ல் நாசா விஞ்ஞானி ஹிரேன் ஜேத்வா, ஒரே இடத்தில் நின்று பத்து நிமிடத்துக்கு ஒரு படம் எடுக்கும் கொரியக் கோளின் படங்களைப் பார்த்துவிட்டு, கோள் போன பிறகு சாயங்காலம் தீ வைக்கிறார்கள் என்று சொன்னார். தண்டனை பயம் தீயை அணைக்கவில்லை, நேரத்தைத்தான் மாற்றியிருக்கு.

அவர்கள் ஏன் எரிக்கிறார்கள்? நிலத்தடி நீரைக் காக்க 2009-ல் பஞ்சாபில் சட்டம் வந்தது. நாற்று நடுவது ஜூன் மாதத்துக்குத் தள்ளிப் போனது, அறுவடையும் தள்ளிப் போனது. நெல் அறுத்து கோதுமை விதைக்க இரண்டு மூன்று வாரம்தான் இடைவெளி. அறுவடை மெஷின் முழங்கால் உயரத்துக்குத் தாளை விட்டுட்டுப் போகுது. நம்ம டெல்டாவில் சம்பா அறுக்கும் முன்னமேயே உளுந்து, பயறு தெளிச்சிடுறோம். முளை மேலே எவனாவது தீ வைப்பானா? மாடு வேற வைக்கோலுக்குக் காத்துக் கிடக்கும். அவர்களுக்கு அந்த வசதி இல்லை.

எரிப்பது சரி என்று நான் வாதாட வரவில்லை. தழைச்சத்து காற்றோடு போகிறது. முதலில் இருமுவது நம்ம வீட்டுப் பிள்ளைதான். ஆனால் 2024 நவம்பரில் அபராதத்தை இரட்டிப்பாக்கி, 2 ஏக்கருக்குக் கீழே இருப்பவருக்கு 5,000 ரூபாய், 5 ஏக்கர் வரை 10,000, அதற்கு மேல் 30,000 என்று வைத்தார்கள். பஞ்சாபில் நில ஆவணத்திலேயே சிவப்புக் குறி போடுகிறார்கள், கடனுக்குப் போனால் அது முன்னாடி நிற்கும். எரிக்காதவருக்குக் குவிண்டாலுக்கு 100 ரூபாய் கொடு என்று உச்ச நீதிமன்றம் 2019-ல் சொன்னது. அபராதத்தில் காட்டிய வேகத்தை அதில் காட்டினார்களா? டெல்லியில் ஓடுகிற வண்டிக்கும் கட்டடத் தூசிக்கும் வருஷம் பூரா பங்கு உண்டு. நம்ம புகையின் பங்கு சில நாட்களில் மூன்றில் ஒன்றையும் தாண்டி ஏறும், சீசன் முடிந்தால் இறங்கிவிடும்.

இதே கோள்கள் நம்ம தலைக்கு மேலேயும் போகுது. கரும்புச் சோகை கொளுத்தினாலும் புள்ளி விழும். இங்கே நோட்டீஸ் வரும் வரை சும்மா இருக்கலாமா? வரும் திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸ் குறைதீர் கூட்டத்தில் மனு கொடுக்கிறோம். நேரில் வந்து பார்க்காமல், புள்ளியை மட்டும் வைத்து எந்த விவசாயி மேலும் நடவடிக்கை எடுக்கக் கூடாது. வேளாண் பொறியியல் துறை, அறுவடைச் சீசனுக்கு வைக்கோல் கட்டுற மெஷினைக் குறைந்த வாடகைக்கு, கேட்ட நாளில் தர வேண்டும். ஆளுக்கு ஒரு சிட்டா நகல் எடுத்துக்கிட்டு காலை 8 மணிக்குக் கடைத்தெருவுக்கு வந்துடுங்க, வேன் நிற்கும்.