தொலைக் கணினியும் மேசைத் திரையும்: சிக்கனமான மென்பொருள் தேர்வு

தேசிய மீத்திறன் கணினித் திட்டம் 2015-இல் தொடங்கப்பெற்றது. அதன்கீழ் 2019-இல் வாராணசி இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் 'பரம் சிவாய்' நிறுவப்பெற்றது. பின்னர் வேறு பல நிலையங்களும் இத்தகைய பொறிகளைப் பெற்றன. கணக்கு அங்கே நடைபெறுகிறது. ஆய்வு மாணவரோ தம் துறையில் ஒரு சாதாரண விண்டோஸ் கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். விடையை வரைபடமாக அவரது திரையில் காட்டும் மென்பொருளுக்கு எவ்வளவு செலவிடுவது? கோடிகளைப் பற்றிய பேச்சில் இக்கேள்வி அற்பமாகத் தோன்றலாம். ஆயினும் கணினிக்கு ஓர் உரிமம் என்று ஆண்டுதோறும் கட்டணம் செலுத்தும் சிறிய துறை, அத்தொகையைத் தன் நூலகச் செலவிலிருந்தே எடுக்க நேரிடும்.

இவ்வகைக் காட்சிக்கு அடிப்படையான எக்ஸ் விண்டோ முறை 1984-இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் தோன்றியது. இன்றும் வழங்கும் பதினோராம் பதிப்பு 1987-இல் வெளிவந்தது. இதில் பெயர் வழக்கு தலைகீழானது. 'சர்வர்' எனப்படுவது பயனாளரின் மேசைமீது உள்ளது. தொலைவில் இயங்கும் நிரலே 'கிளையண்ட்'. கொள்முதல் குறிப்பு எழுதும் அலுவலர் இதை மாற்றிப் புரிந்துகொண்டால், தேவையற்ற பொருளுக்கு விலைப்புள்ளி கோரப்படும்.

மேசைக் கணினிக்கான எக்ஸ் சர்வரை விலையின்றியே பெறலாம். விண்டோஸுக்கு விசிஎக்ஸ்சர்வ், சிக்வின் எக்ஸ் ஆகியவையும், மேக் கணினிக்கு எக்ஸ்குவார்ட்ஸும் உள்ளன. எக்ஸ்மிங்கின் பழைய பதிப்பு இலவசம்; புதியவற்றுக்கு நன்கொடை கேட்கப்படுகிறது. சி-டாக் உருவாக்கிய பாஸ் போன்ற லினக்ஸ் முறை மேசையில் இருப்பின் தனியே எதுவும் தேவையில்லை. விலைகொடுத்து வாங்குபவை உதவிச் சேவையையும் மைய நிர்வாக வசதியையும் தருகின்றன என்பது உண்மையே. கணினி அறிந்த பணியாளர் இல்லாத அலுவலகத்துக்கு அவை பயன்படக்கூடும்.

ஆனால் தேர்வை உண்மையில் தீர்மானிப்பது விலையன்று, தொடர்பு வழியின் தாமதமாகும். எக்ஸ் முறையில் வரைவதற்கான கட்டளைகளும் மறுமொழிகளும் ஓயாது சென்று வருகின்றன. ஒரே வளாகத்துக்குள் இது தெரிவதில்லை. தொலைநகரிலிருந்து இணையும்போது ஒரு பட்டியைத் திறக்கவே காத்திருக்க நேரும். அங்கே விலையுயர்ந்த எக்ஸ் சர்வரும் பெரிதாக உதவாது. செய்திகளைச் சுருக்கி, சென்று வரும் தடவைகளையும் குறைக்கும் எக்ஸ்டூகோ, அல்லது திரையைப் படமாகவே அனுப்பும் விஎன்சி வகை மென்பொருள் ஏற்றது. முப்பரிமாணப் படங்களுக்கு விர்ச்சுவல்ஜிஎல் துணைபுரியும். அது தொலைக் கணினியிலேயே படத்தை உருவாக்கி அனுப்புகிறது. இவை யாவும் கட்டணமின்றிக் கிடைப்பவை. ஆதலின் சோதனை, நிறுவனத்தின் மிக மெதுவான இணைப்பில் நடைபெறுதல் வேண்டும். விற்பனையாளரின் அறையில் நடைபெறும் சோதனை எதையும் மெய்ப்பிக்காது.

பாதுகாப்பிலும் சிக்கனம் பார்க்கலாகாது. எவரும் இணையலாம் என்று எக்ஸ் சர்வரைத் திறந்துவைத்தால், பிறர் திரையைக் காணவும் தட்டப்படும் எழுத்துகளை அறியவும் இயலும். எஸ்எஸ்எச் வழியே மறையாக்கம் செய்து அனுப்புவதே முறை, அதற்கும் கட்டணமில்லை.

திறந்த மூல மென்பொருளுக்கு முன்னுரிமை அளிக்கும் கொள்கையை மத்திய அரசு 2015-இல் வெளியிட்டது. எனவே இலவச மென்பொருளைத் தேர்ந்தால் தணிக்கையில் கேள்வி எழுமோ என்ற அச்சத்துக்கு இடமில்லை. மேலும், லினக்ஸ் உலகம் எக்ஸிலிருந்து வேலண்ட் என்னும் புதிய முறைக்கு நகர்ந்துவருகிறது. பழைய நிரல்கள் இடைப்பாலம் ஒன்றின் மூலம் இயங்குகின்றன. இந்நிலையில் எக்ஸ் சர்வருக்குப் பல்லாண்டு உரிமத்தை முன்பணம் செலுத்திப் பெறுவது பொருளாதார நோக்கில் நியாயப்படுத்தக் கடினமானது.