இல்லாத கோப்புக்கு இடம் பிடித்த வட்டு



பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். பெருமை பேச ஒன்றும் இல்லை. நான் செய்த ஒரு தப்பைச் சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன்.

சர்வர்களைப் பார்த்துக்கொள்வது என் பிழைப்பு. ஒரே இயந்திரத்துக்குள் பல மெய்நிகர் கணினிகள் ஓடும். ஒவ்வொன்றுக்கும் "500 ஜிபி உனக்கு" என்று வாக்குக் கொடுப்போம். எழுத எழுதத்தான் இடம் தருவோம். தின் டிஸ்க் என்று பெயர். 2019இல் ஒரு மருத்துவமனையில் ஆறு கணினிகளுக்கு 3 டிபி வாக்கு, கையிருப்போ 2 டிபி. எல்லாரும் ஒரே நாளில் கேட்கமாட்டார்கள் என்ற தைரியம்தான்!

அதில் ஒன்று வீங்கிக்கொண்டே போனது. உள்ளே போய்ப் பார்த்தால் 90 ஜிபி. வெளியே, டேட்டாஸ்டோரில் டியூ கட்டளை கொடுத்தால் 410. (எல்எஸ் போட்டால் எப்போதும் 500தான் காட்டும், அதை நம்பாதீர்கள்.)

நம்ம ஹாஸ்டலை நினைத்துக்கொள்ளுங்கள். பையன் அறையைக் காலி செய்துவிட்டான், வார்டனிடம் சொல்லவில்லை. பதிவேட்டில் அந்த அறை நிரம்பியதுதான். அடுத்தவனுக்கு வேறு அறை. அந்தக் கணினி தினமும் ராத்திரி டேட்டாபேஸ் நகலை எழுதி, வேறிடத்துக்கு அனுப்பிவிட்டு அழித்தது. மறுநாள் எழுதும்போது பழைய இடத்திலேயே எழுத வேண்டிய கட்டாயம் இல்லையே!

எனக்குத் தெரிந்த பழைய வைத்தியம்: காலி இடம் முழுக்கப் பூஜ்யத்தை எழுதி, கணினியை நிறுத்தி, விஎம்கேஎஃப்எஸ்டூல்ஸ் கட்டளையால் பூஜ்யங்களைப் பிடுங்கிவிடுவது. ராத்திரி பதினோரு மணிக்கு ஆரம்பித்தேன். பூஜ்யம் எழுதுவதும் எழுதுவதுதான் என்று அப்போது மண்டையில் ஏறவில்லை. டேட்டாஸ்டோரில் மிச்சமிருந்தது 60 ஜிபி. நிரம்பியது. புது இடம் கேட்ட கணினிகள் ஒவ்வொன்றாக அப்படியே நின்றன. போனில் ஒரு நர்ஸ்: "சார், பிளட் ரிசல்ட் திறக்கலை, டாக்டர் காத்திட்டிருக்கார்."

கை நடுங்கியது. உண்மையைச் சொல்கிறேன், எதையாவது அழித்துவிடலாமா என்றுகூடத் தோன்றியது. அப்போதுதான் சோதனைக்கென்று வைத்திருந்த கணினி நினைவுக்கு வந்தது. அதை நிறுத்தினால் அதன் நினைவகத்துக்கு ஈடான ஸ்வாப் கோப்பு தானே மறையும். 16 ஜிபி! கிடைத்ததும் ஆய்வகக் கணினிக்கு முதலில் 'மறுபடி முயற்சி' கொடுத்தேன், ஓடியது. குற்றவாளியை மட்டும் விடவில்லை. விட்டிருந்தால் அந்தப் பதினாறையும் தின்றிருக்கும். அதன் மின்சாரத்தையே வெட்டினேன். பிறகு அதன் வட்டிலிருந்த பூஜ்யங்களைப் பிடுங்க மூன்று மணி நேரம் ஆனது. டேட்டாபேஸ் தன் பதிவைப் பார்த்துத் தானே சரியாக எழுந்ததும்தான் மூச்சு வந்தது.

நிறுத்தியிருந்த நேரத்திலேயே அதன் ஹார்ட்வேர் வெர்ஷனை 11லிருந்து 13க்கு உயர்த்தினேன். விஸ்பியர் 6.5, விஎம்எஃப்எஸ் 6 இருந்ததால், அதற்குப் பிறகு லினக்ஸ் தானே வார்டனிடம் சொல்லும். எஃப்எஸ்டிரிம் வாரம் ஒருமுறை ஓடுகிறது. டியூ மறுபடி 100க்குப் பக்கத்தில் நின்றது.

காலையில் அந்த டாக்டரிடம் நேரில் போய், தப்பு என்னுடையது என்றேன். "ரிசல்ட் ராத்திரியே வந்துடுச்சே, தம்பி" என்றார். எவ்வளவு நேரம் தாமதம் என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.