பழைய காருக்கு இரண்டு பூட்டு
(நாக்பூர் கிளையின் மாதாந்திரக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



பென்ஷனைப் பற்றியோ சர்க்கரை வியாதியைப் பற்றியோ பேசுவேன் என்று எதிர்பார்த்திருப்பீர்கள். நான் பேசப் போவது கார் திருட்டு. இங்கே பலர் வீட்டு வாசலில் பத்து, பதினைந்து வருஷ வண்டி நிற்கிறது என்பது எனக்குத் தெரியும். "இந்த ஓட்டை வண்டியை எவன் தொடப் போகிறான்?" என்று நானும் சொல்லிக்கொண்டிருந்தவன்தான்.

என்னிடம் இருந்தது 1998 மாடல் மாருதி 800. 2019-ல் ஒரு விடியற்காலை, என் சகதர்மிணியை டயாலிசிஸுக்கு அழைத்துப் போக வெளியே வந்தால், வாசலில் வண்டி இல்லை. ஆட்டோ பிடித்துப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்குக் குறித்த நேரம் தாண்டிவிட்டது. பதினொரு நாள் கழித்துப் போலீஸார் வண்டியைக் கண்டுபிடித்தார்கள். நான்கு சக்கரம், பேட்டரி, கார்புரேட்டர் எதுவும் இல்லை. வெறும் கூடுதான் மிச்சம்.

பழைய வண்டியை ஏன் திருடுகிறார்கள்? இரண்டு காரணம். ஒன்று, ரோட்டில் அந்த மாடல் ஓடும்வரை அதன் பாகங்களுக்குக் கிராக்கி உண்டு. இரண்டாவது, அதைக் கிளப்புவது சுலபம். புதிய கார்களின் சாவிக்குள் ஒரு சிறு சிப் இருக்கிறது. அதற்குத் தனி பேட்டரி தேவையில்லை. சாவித் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச் சுருளிலிருந்து சக்தி பெற்று, தன் ரகசிய எண்ணைச் சொல்லும். எண் பொருந்தினால்தான் இன்ஜின் கிளம்பும். பழைய வண்டியில் இந்தக் காவல் இல்லை. இக்னிஷன் ஒயர்களை இணைத்தாலே போதும்.

இதை ஈடுகட்ட நான் சொல்வது இரண்டு பூட்டு: கண்ணுக்குத் தெரிவது ஒன்று, தெரியாதது ஒன்று.

தெரியும் பூட்டு, கியர் லாக் அல்லது ஸ்டியரிங் லாக். ஸ்டியரிங் வளையத்தை ரம்பத்தால் அறுத்துப் பூட்டைக் கழற்றிவிடலாம். கியர் லாக்கை உடைக்க இன்னும் நேரமாகும், சத்தமும் வரும். எந்தப் பூட்டையும் உடைக்க முடியும். ஆனால் திருடனுக்கு வேண்டியது நேரம். அதைக் கொடுக்காமல் இருப்பதே நம் வேலை.

தெரியாத பூட்டு, ஒளித்து வைத்த ஒரு ஸ்விட்ச். கார்புரேட்டர் வண்டியானால் இக்னிஷன் காயிலுக்குப் போகும் மின்சாரத்தை அது துண்டிக்க வேண்டும். காயில்தான் 12 வோல்ட்டை ஆயிரக்கணக்கான வோல்ட்டாக உயர்த்தித் தீப்பொறி தருகிறது. பொறி இல்லையேல் ஓட்டம் இல்லை. எம்.பி.எப்.ஐ. வண்டியானால் பெட்ரோல் பம்ப்பின் ரிலேயைத் துண்டிக்கலாம். நல்ல எலக்ட்ரீஷியனிடம், சரியான கனமுள்ள ஒயரும் ப்யூஸும் போட்டுச் செய்யச் சொல்லுங்கள். ஓடும்போது முழங்கால் பட்டு அணைந்துவிடும் இடத்தில் வைக்கக் கூடாது. அந்த வேலையும் வேண்டாம் என்பவர்கள் பேட்டரி நெகட்டிவ் முனையில் திருகும் கட்‍-ஆஃப் மாட்டலாம். வாரம் ஒரு முறை மட்டும் வண்டி எடுப்பவர்களுக்கு பேட்டரி இறங்காமலும் இருக்கும்.

அடுத்தது காகிதங்கள். என் பெரிய நஷ்டம் இதில்தான். பிரீமியம் மிச்சம் என்று தேர்ட் பார்ட்டி இன்ஷூரன்ஸ் மட்டும் வைத்திருந்தேன். அதில் திருட்டுக்குக் காலணா கிடையாது. முழு பாலிசியில்தான் உண்டு. ஐந்து வருஷத்துக்கு மேற்பட்ட வண்டியின் மதிப்பை கம்பெனியும் நாமும் பேசித்தான் தீர்மானிக்கிறோம். எனவே ஒவ்வொரு வருஷமும் அந்தத் தொகையைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள். இன்னொரு அசட்டுத்தனம், ஆர்.சி. புத்தகத்தை டேஷ்போர்டிலேயே வைத்திருந்தது. டிஜிலாக்கரில் உள்ள பிரதி இப்போது செல்லும். அசல் வீட்டு பீரோவில் இருக்கட்டும். இரண்டாவது சாவியையும் பத்திரமாக வையுங்கள். கிளெய்ம் கேட்கும்போது எல்லாச் சாவிகளையும் கேட்பார்கள்.

திருட்டுப் போனால் உடனே 112-க்குப் போன் செய்யுங்கள். எஃப்.ஐ.ஆர். அன்றைக்கே பதிவாக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் அமலில் உள்ள புதிய சட்டப்படி எந்த ஸ்டேஷனிலும் புகார் தரலாம். மின்னணு முறையிலும் தரலாம். மூன்று நாளுக்குள் நேரில் கையெழுத்திட வேண்டும். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கும் அன்றே எழுதிவிடுங்கள். எஃப்.ஐ.ஆர். உடனே பதிவாகியிருந்தால், கம்பெனிக்குத் தாமதமாகச் சொன்னது என்ற ஒரே காரணத்துக்காக உண்மையான கிளெய்மை மறுக்கக் கூடாது என்று 2020 ஜனவரியில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பளித்திருக்கிறது. அந்த வழக்கில் தாமதம் 52 நாள். அதற்காக நாமும் 52 நாள் காத்திருக்க வேண்டியதில்லை.

கூட்டை விற்றுவிட்டு, 2005 மாடல் கார் ஒன்றைச் செகண்ட் ஹாண்டில் வாங்கினேன். அதன் சாவியிலும் சிப் கிடையாது. கியர் லாக்கும் ஸ்விட்ச்சும் போட்டேன். வாரம் மூன்று நாள் அந்த வண்டியில்தான் ஆஸ்பத்திரிக்குப் போய் வருகிறோம். விற்றால் சொற்பத் தொகைதான் வரும். ஆனால் காலை ஆறரை மணிக்கு அது வாசலில் நிற்பதற்கு என்னால் விலை போட முடியாது.

இன்று வீட்டுக்குப் போனதும் பாலிசியை எடுத்துப் பாருங்கள், ஆர்.சி.யை வண்டியிலிருந்து எடுங்கள். நாளைக்கே எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

என் வண்டியின் ஸ்விட்ச் எங்கே இருக்கிறது என்பது எனக்கும் என் சகதர்மிணிக்கும் மட்டும்தான் தெரியும். அதை இந்தச் சபையிலும் சொல்வதாக இல்லை!