குழி நிரம்பினால் யார் வருவார்?
(தோட்டக் கமிட்டிகளின் கூட்டத்தில் ஆற்றிய உரை)



சம்பளப் பேச்சு என்று நினைத்து வந்தவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். இன்று கக்கூஸ் குழியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். சிரிப்பவர்கள் சிரித்து முடியுங்கள்.

ஒரு மாரிகாலத்தில் நாங்கள் கல்முனைப் பக்கம் போயிருந்தோம். மருதமுனை, கல்முனைக்குடி, சாய்ந்தமருது என்று கரையோரம் முழுக்க வீட்டோடு வீடு. 2004 சுனாமி அள்ளிப்போன கரை அது. கிழக்கில் கடலிலிருந்து 200 மீட்டருக்குள் வீடு கட்டக்கூடாது என்று முதலில் சொன்னார்கள், பிறகு தளர்த்தினார்கள். காணி மட்டும் கூடவில்லை.

6 பேர்ச்சஸ் என்றால் ஏறக்குறைய 40 அடிக்கு 40 அடி. அதற்குள் வீடு, குசினி, கிணறு, மலசலகூடம், அதன் குழி எல்லாம் அடங்க வேண்டும். நம் கிணற்றை ஒரு மூலையிலும் குழியை மறு மூலையிலும் வைத்துவிடலாம். ஆனால் மதிலுக்கு அந்தப் பக்கம், நம் கிணற்றை ஒட்டியே அடுத்த வீட்டுக் குழி இருக்குமே!

நிலம் மணல். மாரியில் நிலத்தடித் தண்ணீர் ஏறிக் குழிக்குள்ளேயே நிற்கும். மேலிருந்து ஊற்றுவது இறங்காது. உடனே கலி பவுசரைக் கூப்பிடுகிறார்கள். பவுசர் உறிஞ்சிக்கொண்டு போய்ச் சில நாளில் மறுபடி அதே மட்டம். மழைத் தண்ணீரைத்தான் காசு கொடுத்து அள்ளுகிறோம் என்று ஒரு உம்மா எங்களிடம் சலித்துக்கொண்டார். அவர் சொன்னது சரி. தண்ணீர் இறங்கிய கோடையில் அள்ளினால்தான் அடியில் உள்ள மண்டி வரும். மாரியில் ஒரேயடியாக வெறுமையாக்கினால், வெளித்தண்ணீர் அழுத்திக் குழியே இடிந்துவிடவும் கூடும்.

பவுசர் நுழையாத ஒழுங்கைகள் வேறு. குழாய்க்கும் ஓர் எல்லை உண்டு; துணியும் பொலித்தீனும் போட்ட குழியில் அதுவும் அடைத்துக்கொள்ளும். அப்படியான இடத்தில், எந்த ஊராக இருந்தாலும், கடைசியில் வாளியும் கயிறுமாக ஒரு மனிதனைத்தான் தேடுகிறார்கள். குழிக்குள் இருக்கும் வாயு முதலில் அழுகிய முட்டை போல நாறும். அளவு கூடினால் மூக்கு மரத்துவிடும், நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டதே என்று இறங்குகிறவன் அங்கேயே விழுவான். தூக்கப் போன தம்பியும் விழுவான்.

இறங்குகிறவர் யார்? நகரங்களில் இந்த வேலைக்கென்றே வெள்ளைக்காரன் இந்தியாவிலிருந்து கொண்டுவந்த சனம் கண்டி மகியாவையில் இன்றும் இருக்கிறது. நம்மைக் கொழுந்துக்குக் கொண்டுவந்தான், அவர்களைக் கூட்டவும் அள்ளவும் கொண்டுவந்தான். நம் லயத்திலேயே அவர்களைத் தள்ளிவைத்துப் பேசுகிறவர்கள் உண்டு, அதையும் இங்கே சொல்லித்தான் ஆக வேண்டும். இந்தியாவில் 2013 இல் இதைத் தடுக்கச் சட்டம் வந்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 10 இலட்சம் கொடுக்க வேண்டும் என்று 2014 இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. 2023 இல் அதை 30 இலட்சமாக்கியது. சாவு நிற்கவில்லை.

ஆப்பிரிக்காவில் தார் எஸ் சலாம் நகரத்துக் குறுகிய சந்துகளில், ஆள் மேலேயே நின்று மண்டியை இழுக்கும் 'கல்பர்' என்ற கைப்பம்பைப் பயன்படுத்தியிருக்கிறார்கள். பெரிய இயந்திரம் ஒன்றுமில்லை. குழிக்குள் மட்டும் ஆள் இறங்குவதில்லை.

இனி நம் கதை. 7 பேர்ச்சஸ் காணியும் தனிவீடும் நாம் கேட்டு வாங்கியது, நல்லது. லயத்துக் கக்கூஸ் நிரம்பினால் தோட்டத்துரையிடம் போய்ச் சத்தம் போட்டோம். தனிவீட்டுக் குழி நிரம்பினால் யாரிடம் போவது? 1987 பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, தோட்டங்களுக்குச் சபை வேலை செய்யத் தடையாக இருந்தது. 2018 இல் அதைத் திருத்தியாயிற்று. ஆகவே பவுசரும், அள்ளியதைக் கொட்டிச் சுத்திகரிக்கும் இடமும் கேட்க வேண்டியது சபையிடம்தான். கொட்ட இடமில்லாத பவுசர் இரவில் ஏதாவது ஓடையைத் தேடும். நம் மலையில் அந்த ஓடை கீழ் டிவிசன் பீலிக்குத்தான் போகும்.

வரும் கூட்டத்துக்கு ஒவ்வொரு கமிட்டியும் மூன்று கணக்குக் கொண்டுவாருங்கள்: எத்தனை குழிகள், லொறி வரும் பாதையிலிருந்து ஒவ்வொன்றும் எத்தனை அடி தூரம், பீலிக்கு மேலே இருப்பவை எத்தனை. மாதர் சங்கத் தலைவிமார் கூடப் போங்கள். எந்தக் குழி எப்போது பொங்கியது என்று அவர்களுக்குத்தான் தெரியும். கணக்கு வந்ததும், மழைக்கு முன்பே, சபைக்குக் கடிதம் கொண்டுபோவோம்.