நாளையைச் சொல்லும் ஆங்கிலம்

"நாளை கண்டிக்குப் போகிறேன்" என்று ஒருவர் சொன்னால், பயணம் முடிவாகிவிட்டது என்றே கேட்பவர் கொள்வர். "நாளை கண்டிக்குப் போவேன்" என்பதில் அத்துணை உறுதி இல்லை. "முடிந்தால்" என்றொரு சொல் அதனுள் மறைந்து நிற்பது போலத் தோன்றும். விரைவு, மிகுதி, தெளிவு, இயல்பு என்னுங் காரணங்களாற் காலம் பிறழலாம் என நன்னூல் இவ்வழக்குக்கு இடந்தந்திருக்கிறது. தமிழ்ப் பிள்ளைக்கோ இது தாய்மொழியோடு வந்துவிடுகிறது. அதே பிள்ளை ஆங்கில வகுப்பினுட் புகுந்ததும், எதிர்காலம் என்றால் 'வில்' என்னும் ஒரே சூத்திரத்தை மனனஞ் செய்கிறது. தொல்லை அங்கேதான் தொடங்குகிறது.

உத்தியோகம் ஒன்றுக்கு விண்ணப்பித்தவரை, திங்கட்கிழமை காலை நேர்முகப் பரீட்சைக்கு வர இயலுமா என்று தொலைபேசியிற் கேட்கிறார்கள் என நேயர்கள் வைத்துக்கொள்ளலாம். அன்று காலை வைத்தியரைக் காண அவர் முன்பே நேரம் பெற்றிருக்கிறார். "ஐ வில் சீ எ டொக்டர் ஒன் மண்டே" என்கிறார். ஆங்கிலேயர் செவிக்கு இது அக்கணத்தில் எழுந்த எண்ணமாகவே படும்; அழைப்பைத் தட்டிக்கழிக்கிறார் என்றுங் கருதக்கூடும். "ஐ ஆம் சீயிங் எ டொக்டர்" என்றிருந்தால், இருதரப்பும் பேசி நாட்குறித்தாயிற்று என்பது விளங்கியிருக்கும். வேறொரு நாளுங் கிடைத்திருக்கலாம்.

'வில்' பயனற்றதன்று. தொலைபேசி மணி அடிக்க, "ஐ வில் ஆன்ஸர் இட்" என்று எழுபவருக்கு உரிய சொல் அதுவே. வாக்குறுதிக்கும் ஊகத்துக்கும் அது பொருந்தும். மனம் முன்பே துணிந்திருக்க, ஏற்பாடு எதுவுஞ் செய்யாத நிலையில் "ஐ ஆம் கோயிங் டு லேர்ன் டைப்பிங்" என்பர். தமிழிற் "கற்கப் போகிறேன்" என்பதும் இதே அமைப்புடையது. இருமொழிகளும் "போதல்" என்னும் வினையையே இங்கு நாடியமை வியப்புக்குரியது! புகையிரத நேரசூசி போல்வனவற்றுக்குச் சாதாரண நிகழ்காலமே போதும்: "த ட்ரெயின் லீவ்ஸ் அட் சிக்ஸ்."

தன்மைக்கு 'ஷால்', ஏனையவற்றுக்கு 'வில்' என்று ஜோன் வாலிஸ் 1653 ஆம் ஆண்டில் வெளியிட்ட இலக்கணநூலில் வகுத்த விதியைப் பழைய பாடநூல்கள் விடாது ஓதின. இன்றைய பேச்சுவழக்கு அதைப் பெரிதுங் கைவிட்டுவிட்டது. "ஷால் ஐ ஓப்பன் த விண்டோ?" போன்ற வினாக்களிலேயே 'ஷால்' பெரும்பாலும் எஞ்சியிருக்கிறது.

இன்னுமோர் இடத்திற் கவனம் வேண்டும். "அவர் வந்ததும் சொல்வேன்" என்னுந் தமிழில், இனி நிகழவிருக்கும் வரவை இறந்தகால வடிவம் உணர்த்துகிறது. ஆங்கிலம் அவ்விடத்தில் நிகழ்காலத்தை வேண்டும்: "ஐ வில் டெல் ஹிம் வென் ஹீ கம்ஸ்." 'வென் ஹீ வில் கம்' என்று 'வில்'லை இருமுறை அடுக்குவது, நன்றாக ஆங்கிலம் எழுதுவோரிடமுங் காணப்படும் பிழை.