ஏவுதற் கருத்தா



பத்தாம் ஆண்டு விழாவில் கவிதையை விட்டுவிட்டுச் சித்திரவதையைப் பற்றிப் பேசலாமா என்று நண்பர் ஒருவர் சற்றுமுன் கேட்டார். நான் பேசவிருப்பதும் சொல்லைப் பற்றித்தான்.

பள்ளியில் படித்த இலக்கணத்தை நினைவுகூருங்கள். மூன்றாம் வேற்றுமையின் கருத்தாப் பொருள் இருவகைப்படும். தச்சனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அவன் இயற்றுதற் கருத்தா. அரசனால் கோயில் கட்டப்பட்டது என்றால் அவன் ஏவுதற் கருத்தா. அரசன் ஒரு கல்லையும் தூக்கியதில்லை; ஆயினும் அவ்வினை அவனுடையதாகிறது. கோயில் கட்டிய பெருமையை எந்த அரசனும் மறுத்ததில்லை. வினை கொடியதாகும்போதுதான் ஏவியவர் கருத்தாவாக மறுக்கிறார்.

2002 ஆகஸ்டு முதல் நாள், அமெரிக்க நீதி அமைச்சகத்தின் சட்ட ஆலோசனை அலுவலகத்திலிருந்து ஒரு குறிப்பாணை வெள்ளை மாளிகைக்குச் சென்றது. வரைந்ததில் பெரும்பங்கு ஜான் யூ என்ற வழக்கறிஞருடையது. கையொப்பமிட்டவர் அலுவலகத் தலைவர் ஜே பைபீ. கடும் வலி தருவது சித்திரவதை என்கிறது அந்நாட்டின் 1994ஆம் ஆண்டுச் சட்டம். எவ்வளவு வலி கடும் வலி? உறுப்பு செயலிழத்தல், உடலியக்கம் குன்றுதல், மரணம் ஆகியவற்றோடு வரும் வலிக்கு ஈடாக இருந்தால்தான் என்று குறிப்பாணை வரையறுத்தது. இவ்வரையறை எங்கிருந்து வந்தது தெரியுமா? அவசரச் சிகிச்சைக்கு யாருக்கு மருத்துவ உதவித்தொகை வழங்கலாம் என்பதை முடிவுசெய்யும் ஒரு சட்டத்திலிருந்து! நோயாளியைக் காக்க எழுதப்பட்ட தொடர், கைதியை வதைப்பதற்கு உரிமச் சீட்டாயிற்று. சொல்லை இடம்பெயர்த்து வைப்பது நம் தொழில். அந்தத் தொழில் இங்கே செய்ததைப் பார்த்து நான் சில நாள் எழுதாதிருந்தேன்.

'மேம்படுத்தப்பட்ட விசாரணை முறைகள்' என்று இதற்குப் பெயரும் சூட்டினர். தகுதி வழக்கு மூன்று என்பர்: இடக்கரடக்கல், மங்கலம், குழூஉக்குறி. இப்பெயர் மூன்றிலும் அடங்கும்.

அதே நாளில் சி.ஐ.ஏ.வுக்கென இன்னொரு குறிப்பாணையும் எழுதப்பட்டது. அது 2009 ஏப்ரலில்தான் வெளிவந்தது. முதலாவதைக் கருத்துரை என்று வாதிடலாம். இதனை அவ்வாறு சொல்ல இயலாது. அபு சுபைதா என்னும் ஒரு தனிமனிதரைப் பெயர் சுட்டிப் பத்து முறைகளை அது அனுமதித்தது. அவர் பூச்சிக்கு அஞ்சுபவர். ஆகவே சிறு பெட்டியில் அடைத்து ஒரு பூச்சியை உள்ளே விடலாம் என்பது அவற்றுள் ஒன்று. அது செயற்படுத்தப்படவில்லை என்பர். முகத்தைத் துணியால் மூடி நீரூற்றி மூச்சுத்திணறச் செய்யும் முறையோ அந்த ஒரே மாதத்தில் அவர்மேல் 83 முறை நிகழ்த்தப்பட்டது.

பிறகு பொறுப்பு யாருக்கு என்ற கேள்வி எழுந்தது. நீரூற்றியவர், சட்ட வல்லுநர் அனுமதித்தார் என்றார். சட்ட வல்லுநர், நான் கருத்துத்தான் சொன்னேன் என்றார். மேலிருந்தோர், வல்லுநரைக் கேட்டே செய்தோம் என்றனர். சட்ட ஆலோசனையை நம்பி நடந்தவர்மேல் வழக்கில்லை என 2009இல் ஒபாமா அரசு அறிவித்தது. ஆலோசனை தந்தவர்மேலும் குற்ற வழக்கு வரவில்லை. அமைச்சகத்தின் அறநெறி விசாரணைப் பிரிவு இருவரிடமும் தொழில்முறைத் தவறு கண்டது; 2010இல் மூத்த அதிகாரி ஒருவர் அதனை 'தவறான மதிப்பீடு' எனத் தணித்துவிட்டார். நம் பாண்டியன் காவலனையோ பொற்கொல்லனையோ சுட்டித் தப்பவில்லை என்பதை இந்த அவையில் நான் விளக்க வேண்டியதில்லை.

ஹோசே பாடிலா என்ற அமெரிக்கக் குடிமகன் ஒரு வழக்குத் தொடுத்தார். தென் கரோலினாவின் கடற்படைச் சிறையில் குற்றச்சாட்டு ஏதுமின்றி மூன்றரை ஆண்டுக்கு மேல் தனிமையில் வைக்கப்பட்டவர் அவர். அவரை நல்லவர் என நிறுவ நான் வரவில்லை. 2007இல் வேறொரு வழக்கில் குற்றவாளியெனத் தீர்க்கப்பட்டார். ஆனால் நல்லவரை மட்டும் வதைக்காதே என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. 2008இல் அவர் ஜான் யூவிடம் கேட்ட இழப்பீடு ஒரே ஒரு டாலர். நடந்தது சட்டவிரோதம் என ஒரு நீதிமன்றம் சொல்ல வேண்டும் என்பதே வேண்டுகோள். கீழ் நீதிமன்றம் 2009இல் வழக்கை ஏற்றது. 2012 மே மாதம் ஒன்பதாவது வட்ட மேல்முறையீட்டு நீதிமன்றம் அதனைத் தள்ளியது. அத்தகைய நடத்துமுறை சித்திரவதையே என்பது 2001 முதல் 2003 வரையான காலத்தில் ஐயத்துக்கு இடமின்றித் தெளிவாகியிருக்கவில்லை என்பது காரணங்களுள் ஒன்று. குட்டையைக் குழப்பியவர், நீர் தெளிவாயில்லை என்று கரையேறிய கதை இது. ஜே பைபீ 2003 முதல் அதே நீதிமன்றத்தில் நீதிபதி. இந்த அமர்வில் அவர் இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கருத்துச் சொன்னதற்காகச் சிறை என்றால் இனி எந்த வழக்கறிஞர் அரசுக்கு வாய்திறப்பார் என்று கேட்கிறார்கள். எழுதுகிறவர்களாகிய நாம் இக்கேள்வியை எளிதில் தள்ள முடியாது. எழுத்துக்குத் தண்டனை என்றால் முதலில் நடுங்குவது நம் கைதான். ஆயினும், இன்ன மனிதரை இன்ன அறையில் இன்னது செய்யலாம் என எழுதிக் கையொப்பமிட்ட தாளை நான் கருத்து எனக் கொள்ளேன், அது ஏவல். 1947இல் நியூரம்பெர்கில் நாஜி நீதிபதிகளும் நீதித்துறை அதிகாரிகளும் விசாரிக்கப்பட்டபோது, அவர்களின் கருவிகளும் தாளும் முத்திரையுமே. பதின்மர் தண்டனை பெற்றனர். அந்தத் தீர்ப்பை வழங்கியவர்கள் அமெரிக்க நீதிபதிகள்.

போர், அவசரநிலை, மேலதிகாரியின் ஆணை எதுவும் சித்திரவதைக்கு நியாயமாகாது என்கிறது 1984ஆம் ஆண்டின் ஐ.நா. உடன்படிக்கை. அமெரிக்கா அதனை 1994இல் உறுதிசெய்தது. நம் இந்தியா 1997இல் கையெழுத்திட்டது, இன்னும் உறுதிசெய்யவில்லை. பிறரைப் பேசும்போது இதை மறைப்பது முறையாகாது.

அந்த 1994ஆம் ஆண்டுச் சட்டம் செத்துப்போய்விடவில்லை. 2008இல் மயாமி நீதிமன்றத்தில் அதன்கீழ் முதன்முறையாக ஒருவர் தண்டனைக்குரியவரானார். லைபீரிய அதிபராயிருந்த சார்ல்ஸ் டெய்லரின் மகன் அவர். லைபீரியாவில் செய்த வதைகளுக்காக 97 ஆண்டுச் சிறை. அந்த வழக்கில் கடும் வலி என்ற சொல்லுக்குப் பொருள் காண யாருக்கும் மருத்துவ உதவித்தொகைச் சட்டம் தேவைப்படவில்லை.